ஒரு டிக்கெட் கனம்

அன்று புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை. பகல் இரண்டேகால் மணி. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் சிவசாமியின் சாவிக்கடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அவர்கள் இருந்த விதம் வருமாறு.

கடைக்காரர் சிவசாமி, மிஷினுக்கு முன்னால், முக்காலியில். துப்பறிவாளர் ஆத்மநாதன், கடையிலிருந்த ஒரே நாற்காலியில். அதன் பிரம்பு நடுவில் அறுந்து போயிருந்ததால் முன்விளிம்பில் தொற்றிக்கொண்டு. ஹெட் கான்ஸ்டபிள் ஐயனார், வாசலை முக்கால்வாசி அடைத்துப் போட்ட மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல், அரக்கு முத்திரை வைத்த காக்கி உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு. ஆத்மநாதனின் உதவியாளன் ரெங்கராஜ், வேறு இடம் கிடைக்காமல், பழைய பூட்டுகள் கட்டிய கோணிச் சாக்கின் மேல். எந்தப் பூட்டு எங்கே குத்தியது என்பது அவனுக்குத்தான் தெரியும். ஐந்தாவது ஆள் சொர்ணம். அவள் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பாதி தெருவிலும் பாதி கடையிலுமாக நின்றாள்.

யாருக்காக இத்தனை பேரும் கூடினார்களோ அந்த ஆள் அங்கே இல்லை. சொர்ணத்தின் புருஷன் சேவுகன் நாற்பத்திரண்டு நாளாகச் சப்-ஜெயிலில் இருந்தான். திங்கட்கிழமை தீர்ப்பு.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரியகருப்பன் செட்டியாரின் வீட்டைக் காவல் பார்த்து வந்தவன் சேவுகன். செட்டியார் குடும்பம் சென்னையில். ஆடி மாதம் ஊருக்கு வந்த செட்டியார், இரும்புப் பெட்டியின் பூட்டு இறுகிக் கிடப்பதைக் கண்டு, "எண்ணெய் விட்டு ஊற வையி, நாளைக் கழிச்சு வந்து வாங்கிக்கிறேன்" என்று சாவியைச் சேவுகன் கையில் கொடுத்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு துக்கத்துக்குப் போனார். இரண்டாம் நாள் வந்து வாங்கிக்கொண்டார். ஆவணியில் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்காகப் பெட்டியைத் திறந்தார்கள். கல்யாணத்துக்கும் அறுபதுக்கும் மட்டும் கழுத்தில் ஏறுகிற தங்கக் கழுத்துரு அதில் இல்லை. பூட்டில் ஒரு கீறலும் இல்லை. சேவுகன் குடிசைக்குப் பின்னாலிருந்த வைக்கோற் படப்பில் போலீஸார் ஒரு கள்ளச்சாவியை எடுத்தார்கள். கழுத்துருவை மட்டும் இன்றுவரை எடுக்க முடியவில்லை.

இந்தச் சீமையில் சாவிக்குச் சாவி வெட்டும் மிஷின் ஒன்றுதான் உண்டு. அது சிவசாமியிடம் இருந்தது. ஆகவே சேவுகன் அந்த இரண்டு நாளில் திருமயத்தில் பஸ் ஏறி, இங்கே வந்து, வெட்டிக்கொண்டு போய்விட்டான் என்பது வழக்கு. இரண்டு சாவிகளையும் ஏட்டு முன்னிலையில் அந்த மிஷினில் பூட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தார் சேவுகனின் வக்கீல். சேவுகனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன்," என்றார் ஆத்மநாதன். "இந்தச் சாவிய வெட்டிக்கிட்டுப் போன ஆளோட முகம் ஞாபகம் இருக்கா?"

சிவசாமி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "முகம் பாத்தா வேலை ஓடாதுங்க. நான் சாவிய மட்டுந்தான் பாப்பேன்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் கொத்துச்சாவியத்தான் பாத்தீங்களோ?" என்றான் ரெங்கராஜ்.

"ஆமா. அவுக வீட்டுல பூட்டே கிடையாது. அப்பவே சுதாரிச்சிருக்கணும்."

ஐயனார் சிரித்துவிட்டு உறையைக் கிழித்தார். ரெங்கராஜுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சிரிக்கிற போலீஸ்காரர் மோசம் பண்ணமாட்டார் என்பது அவனுடைய பழைய அனுபவம். அன்னவாசல் பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் அவன். செக்கிங் இன்ஸ்பெக்டரின் வழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லி வேலையை இழந்தவன். அதன்பிறகு ஆத்மநாதனிடம் சேர்ந்தான். அவனுக்குச் சிரிக்காத ஆட்களைக் கண்டால்தான் பயம். முந்தாநாள் ஜெயிலில் பார்த்த சேவுகன் அப்படித்தான் இருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, ஆத்மநாதன் கேட்ட பதினேழு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. புறப்படும்போது பெண்டாட்டியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "துண்டுப் பேச்சை எங்கிட்டும் எடுக்காத."

எந்தத் துண்டு என்று ஆத்மநாதன் கேட்டதற்குச் சொர்ணமும் விழித்தாள். "கொடியில கிடந்த துண்டைச் சொல்றாகளோ என்னமோங்க. உள்ள இருந்து இருந்து மனசு ஒரு நெலையில இல்ல."

"ஆறு வருஷம் உள்ள போகப்போற மனுசன் துண்டுக்கு விசாரப்படுறாரு சார். நானா இருந்தா வேட்டிக்கே விசாரப்படமாட்டேன்," என்று ரெங்கராஜ் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சிவசாமி இரண்டு சாவிகளையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். தட்டையான சீமைச் சாவி; ஓரத்தில் ஏறியும் இறங்கியும் ஐந்து படிகள்.

"மிஷின் எப்படி வெட்டும்னு ஏட்டையாவுக்கு ஒரு தடவை சொல்லிடுங்க," என்றார் ஆத்மநாதன்.

தையல் மிஷின் காலின் மேல் பொருத்திய அந்தச் சின்ன யந்திரத்தைச் சிவசாமி துணியால் ஒருமுறை துடைத்தார். பினாங்குப் பட்டறையில் ஒன்பது வருஷம் உழைத்துக் கப்பலில் கொண்டுவந்த சொத்து.

"ரெண்டு வாய் இருக்குங்க. இடது வாயில தாய்ச்சாவி. வலது வாயில படி வெட்டாத மொட்டைச் சாவி. ரெண்டும் ஒரே பலகையில சேந்து போகும், சேந்து வரும். தாய்ச்சாவிக்கு நேரா இந்த விரல் நிக்குது. மொட்டைச் சாவிக்கு நேரா சக்கரம் சுத்துது. விரல் படியில எறங்குனா, சக்கரம் அம்புட்டு ஆழம் கடிக்கும். விரல் ஏறுனா சக்கரமும் விட்டுடும். அம்புட்டுத்தான்."

"அப்ப வெட்டின சாவிய மறுபடி அதே வாயில வச்சா?"

"தாய் இங்கிட்டு, பிள்ளை அங்கிட்டு. விரலும் தொடும், சக்கரமும் தொடும், ரெண்டும் ஒரே நேரத்துல. அஞ்சு படியிலயும். வேற மிஷின்ல வெட்டினதா இருந்தா ஒண்ணு தொடும், ஒண்ணு எட்டி நிக்கும்."

"பெத்த பிள்ளைய அடையாளம் காட்டுற மிஷினா?" என்றான் ரெங்கராஜ். "எங்க அப்பாருக்கு இந்த வசதி இல்லாம போச்சு."

சிவசாமி சாவிகளைப் பூட்டி, திருகை இறுக்கி, பலகையை மெல்லத் தள்ளினார். சக்கரம் கள்ளச்சாவியைத் தொட்டது. பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, விரலுக்கும் தாய்ச்சாவிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். ரெங்கராஜ் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு வெளிச்சம்.

அடுத்த படி. வெளிச்சம். ஐந்து படியிலும் வெளிச்சம்.

"சேரலைங்க," என்றார் சிவசாமி.

சொர்ணத்தின் விரல்கள் கதவு நிலையில் இறுகின. ரெங்கராஜ் சாக்கிலிருந்து எழுந்தே விட்டான். "இந்த மிஷின்ல வெட்டலைன்னா வழக்கே இல்லையே சார். எழுதுங்க ஏட்டையா, எழுதுங்க."

"ரெங்கராஜ், உட்கார்," என்றார் ஆத்மநாதன். எதையும் இரண்டு தடவை எண்ணாமல் பைக்குள் போடாத மனிதர் அவர். "சிவசாமி, இந்த விரலும் சக்கரமும் எப்பவும் ஒரே நெலையிலதான் இருக்குமா?"

"எப்படிங்க இருக்கும்? ஒவ்வொரு ஆளுக்கும் புதுசா வப்பேன். திருகு அதிர்ச்சியில நகர்ந்துடும்ல."

"எதை வச்சு நெலை பாக்குறது?"

"பஸ் டிக்கெட்டுங்க."

ஐயனாரின் பென்சில் நின்றது.

சிவசாமிக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று புரியவில்லை. "ஒரே மாதிரி ரெண்டு மொட்டைச் சாவிய ரெண்டு வாயிலயும் வச்சு, விரல் தொடுற மாதிரி நிறுத்துவேன். வலது பக்கம் சாவிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு டிக்கெட்டைச் சொருகி இழுப்பேன். கிழியாமலும் இருக்கணும், லேசாப் பிடிச்சுக்கிட்டும் வரணும். அதுதான் நெலை. டிக்கெட்டே இல்லாம ஒட்ட வச்சா சக்கரம் ஒரு மயிரிழை ஆழமாக் கடிச்சுப்புடும். கடிச்சதை ஒட்ட வைக்க முடியுமா? ஒரு டிக்கெட் கனம் மிஞ்சி நின்னா பூட்டு பொறுத்துக்கும்."

"டிக்கெட் யாருது?"

"வர்றவங்களுதுதான். நம்ம ஊருக்காரன் எவன் சாவி வெட்டுறான்? எல்லாம் கிராமத்துலேருந்து பஸ்ஸுல வர்ற ஆளுங்க. மடியில டிக்கெட் இருக்கும். குடுங்கன்னு வாங்கிக்குவேன். ஒரு தடவை சக்கரத்துல மாட்டின டிக்கெட் நசுங்கிப் போயிடும், அடுத்த ஆளுக்கு அடுத்த டிக்கெட்."

"இன்னைக்குக் காலையில?"

"அன்னவாசல் ஆளு ஒருத்தர். பச்சை டிக்கெட்."

சற்றுமுன் சாவி சேராமல் போனது காலையில் வைத்த பச்சை டிக்கெட் நிலைக்குத்தான் என்று ரெங்கராஜுக்கு உறைத்தது. டிக்கெட் விஷயத்தில் அவனுக்குப் பாடம் எடுக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. ஒவ்வொரு பஸ் முதலாளியும் ஒவ்வொரு அச்சாபீஸ், ஒவ்வொரு தாள். அன்னவாசல் பச்சை நடுத்தரம். திருமயம் லயன் வெள்ளை, வெங்காயத் தோல் மாதிரி. ஈரக் கையால் கிழித்தால் இரண்டாக வரும்.

"சேவுகன் வந்திருந்தா திருமயம் பஸ்ஸுலதான் வந்திருக்கணும்," என்றார் ஆத்மநாதன். "போலீஸ் சொல்றதும் அதுதான். ஏட்டையா, சரிதானே?"

"சரிதான். அப்படித்தான் எழுதியிருக்கு."

"வெள்ளை டிக்கெட் ஒண்ணு வேணும்."

ரெங்கராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பொடிமட்டையை எடுத்தான். காது குடைய அவன் சேர்த்து வைத்திருக்கும் டிக்கெட்டுகள் அதில் இருந்தன. வெள்ளை ஒன்றைப் பொறுக்கி எடுத்து நீட்டினான். "வேலை போனாலும் சரக்கு போகலை."

சிவசாமி சாவிகளைக் கழற்றி, மொட்டைச் சாவிகளைப் பூட்டி, வெள்ளை டிக்கெட்டைச் சொருகி இழுத்து, திருகை ஒரு பொட்டு முன்னால், அரைப் பொட்டு பின்னால் நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறையை இறுக்கினார். மறுபடி தாய் இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம்.

இந்தத் தடவை குனிந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வெளிச்சம் முன்னைவிட அகலமாகத் தெரிந்தது.

"திருமயம் டிக்கெட்டுக்கும் சேரலை," என்றார் ஆத்மநாதன். அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போதும் சிவசாமி. சாவிகளைக் கழட்டி ஏட்டையாகிட்டக் குடுத்துடுங்க. ஏட்டையா, நீங்க கண்ணால பாத்ததை மட்டும் எழுதிக்கங்க."

ஐயனார் எழுதினார். நேர்மையாகத்தான் எழுதினார், எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் உதட்டால் முணுமுணுத்தார். சொர்ணம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நாற்பத்திரண்டு நாளில் முதல் தடவையாக அவள் கண்ணில் ஓர் உயிர் தெரிந்தது என்று ரெங்கராஜுக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில் எல்லோரும் எழுந்து போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சிவசாமி சாவியைக் கழற்றவில்லை. கள்ளச்சாவியின் மூன்றாம் படியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இல்லிங்க," என்றார். "இந்த மூணாம் படி மூலைய மழுக்கினது என் கைதான். துணி கிழியக் கூடாதுன்னு எல்லாச் சாவிக்கும் செய்வேன். இது எங்கிட்ட வெட்டினதுதான். ஏதாவது ஒரு டிக்கெட்டுக்கு இது சேந்தாகணும்."

"அண்ணே, விட்டுத் தொலைங்கண்ணே," என்றான் ரெங்கராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எப்படித் தம்பி விடுறது? என் வேலையில்ல?"

"இன்னும் இருபது நிமிசம் இருக்கு," என்றார் ஐயனார். "வேற டிக்கெட் இருந்தா பாத்துடுவோம். நாளைக்கு ஏன் பாக்கலைன்னு என்னையக் கேப்பாக."

ரெங்கராஜ் பொடிமட்டையைத் திறந்து கவிழ்த்துக் காட்டினான். வெள்ளையும் பச்சையும்தான் விழுந்தன. "வேற லயன்ல எனக்குச் சேக்காளி கிடையாது ஏட்டையா."

அப்போதுதான் சொர்ணம் நிலையை விட்டுவிட்டுக் கடைக்குள் கால் வைத்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஒரு ரோஸ் தாளை எடுத்தாள். "இது ஆகுமாண்ணே? காலையில கந்தர்வக்கோட்டையிலேருந்து வந்த டிக்கெட்டு. எத்தனை டிக்கெட்டுக்குச் சேராம போகுதோ அத்தனைக்கு நல்லதுதானே."

ஆத்மநாதன் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. அதற்குள் சிவசாமி டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

ரோஸ் டிக்கெட் கனமானது. கந்தர்வக்கோட்டைப் பஸ்காரர் தாளில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதவர். கண்டக்டர்கள் அதை அப்பளம் என்பார்கள். சிவசாமி மடிப்பில்லாத ஓரமாகப் பார்த்துச் சொருகினார். இழுத்தார். திருகினார். இழுத்தார். மறையை இறுக்கினார். தாயையும் பிள்ளையையும் பூட்டிப் பலகையைத் தள்ளினார்.

டக் என்று ஒரே ஒரு சத்தம். விரலும் சக்கரமும் சேர்ந்து தொட்ட சத்தம்.

ரெங்கராஜ் குனிந்தான். முதல் படியில் வெளிச்சம் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஏதாவது ஒரு படியிலாவது இருக்காதா என்று ஐந்தாவது வரை பார்த்தான். வெள்ளைத் தாள் பின்னால் இருந்தும் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

"இதுதாங்க," என்றார் சிவசாமி. அவர் முகத்தில் முதலில் வந்தது திருப்திதான். பிறகு சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தார். திருப்தி போய்விட்டது.

ஐயனார் பென்சிலை நாக்கில் தொட்டார். "கந்தர்வக்கோட்டை. இந்தம்மா பொறந்த ஊருல்ல? அப்படின்னா சேவுகன் நேரா வரலை. பொண்டாட்டி ஊருக்குப் போயி, அங்கிட்டிருந்து வந்து வெட்டியிருக்கான்."

"அவுக அந்த ரெண்டு நாளும் வீட்டை விட்டு நகரலிங்க," என்றாள் சொர்ணம்.

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"நீ பொண்டாட்டி. ஒன் சாட்சி அங்க எடுபடாது ஆத்தா." அவர் கடுமையாகச் சொல்லவில்லை. சாவிகளை உறையில் போட்டார். நசுங்கிய ரோஸ் டிக்கெட்டை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். "நான் என்னா செய்யிறது, சொல்லுங்க. பாத்ததை எழுதாம இருக்க முடியுமா?"

அவர் போனபிறகு மண்ணெண்ணெய்ப் பெட்டி காலியாக இருந்தது. சொர்ணம் அதன்மேல் உட்கார்ந்தாள்.

சிவசாமி டிக்கெட் இல்லாத மிஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கடை எத்தனை மணிக்கு அடைப்பீங்க?" என்றார் ஆத்மநாதன்.

"வெளிச்சம் இருக்கிற மட்டும்ங்க. ஆறுன்னா ஆறு."

"ரெங்கராஜ், சாயங்காலம் திருமயத்திலேருந்து கிளம்புற ஆள் இங்க எத்தனை மணிக்கு வந்து சேருவான்?"

"ஏழேகாலுக்கு சார். கந்தர்வக்கோட்டைக்குக் கடைசிப் பஸ் எட்டுக்கு." சொல்லிவிட்டு ரெங்கராஜ் நிறுத்தினான். பதினோரு வருஷம் ஓடிய தடமெல்லாம் அவன் தலைக்குள் தானாக விரிந்தது. சாவியோடு திருமயத்தில் ஏறுகிறவன் இங்கே இறங்கும்போது கடை அடைத்திருக்கும். ஊருக்குப் போய்ப் படுப்பான். விடிந்ததும் ரோஸ் டிக்கெட்டோடு இங்கே வருவான். வெட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குள் திருமயம் போய்த் தாய்ச்சாவியை இருந்த இடத்தில் வைத்துவிடுவான். திரும்பி வந்ததற்கு ஏதாவது ஒரு காரணம் மட்டும் சொல்லவேண்டியிருக்கும்.

ரெங்கராஜ் சொர்ணத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"ஆடியில அந்த ரெண்டு நாள்ல உங்க வீட்டுக்கு யாராவது வந்தாங்களாம்மா?" என்றார் ஆத்மநாதன், மிகவும் மெதுவாக.

"ஆடிப் பதினெட்டுக்குத் தம்பி வந்தான். திருப்பதி." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "சாயங்காலம் போயிட்டான். மறுநாள் பதினோரு மணிக்கு வந்து நின்னான். துண்டை விட்டுட்டுப் போயிட்டேன்க்கான்னான். ஒரு துண்டுக்கா கந்தர்வக்கோட்டையிலேருந்து வந்த, கிறுக்குப் பயலேன்னு நான் சிரிச்சேன். எனக்குச் சிரிப்பு அடங்கலை. அவுக சிரிக்கலை." அவள் நிறுத்தினாள். "அவுக அன்னைக்குக் காலையிலேருந்து பெட்டிச் சாவியத் தேடிக்கிட்டு இருந்தாக. தம்பி துண்டை எடுத்துக்கிட்டுப் போன பெறகு பாத்தா ஆணியில தொங்குச்சு."

துண்டுப் பேச்சை எங்கிட்டும் எடுக்காத. ஜெயிலில் சேவுகன் சொன்னது இந்தத் துண்டைத்தான் என்று ரெங்கராஜுக்கு இப்போது புரிந்தது.

"சேவுகனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் ஆத்மநாதன்.

"எங்க ஆத்தா செத்தப்ப அவனுக்கு நாலு வயசுங்க. நான் இடுப்புல வச்சு வளத்தேன். கல்யாணத்துக்கு மின்னாடி அவுககிட்ட நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். என் தம்பிய மட்டும் விட்டுறக் கூடாதுன்னு கேட்டேன்." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "சரின்னாக."

ஆத்மநாதன் வழக்கப்படி நோட்டை எடுத்தார். ஆனால் எழுத அதிகம் இல்லை. சிவசாமி முகம் பார்க்கவில்லை. துண்டுக்கு அவளைத் தவிர சாட்சி இல்லை. அவள் பேச்சு எடுபடாது. சேவுகன் வாய் திறக்கமாட்டான். கழுத்துரு எங்கே போனதென்று தெரியாது. சேவுகனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வெள்ளை டிக்கெட்டை ரோஸ் டிக்கெட் தின்றுவிட்டது. அதைக் கொடுத்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே உன் தம்பி வாயால சொன்னாத்தான் உண்டும்மா. ஆள் எங்கே?"

"காலையில அவனைக் கூட்டியாரத்தான் போனேன். திங்கக்கெழம தீர்ப்பு, கூட இருடான்னு சொல்லலாம்னு. வீடு பூட்டிக் கெடக்கு. செவ்வாக்கெழமயே பெட்டியோட போயிட்டானாம். மெட்ராசுங்குறா ஒருத்தி. கொழும்புங்குறா ஒருத்தி."

சிவசாமி துணியை மடித்து வைத்தார். "நான் சும்மா இருந்திருக்கலாம்," என்றார் யாரையும் பார்க்காமல்.

"அண்ணே," என்றாள் சொர்ணம், ரெங்கராஜைப் பார்த்து. "ஒரு கடுதாசி எழுதித் தாரீங்களா?"

"யாருக்குத் தங்கச்சி? வக்கீலுக்கா?"

"தம்பிக்கு."

"வீடு பூட்டியிருக்குன்னியே."

"கதவுக்கு அடியில இடுக்கு இருக்குண்ணே."

ரெங்கராஜ் ஆத்மநாதனைப் பார்த்தான். அவர் தலையசைத்து, தம் பையிலிருந்து தாளும் உறையும் எடுத்துக் கொடுத்தார். தாமே வாசகம் சொல்லவும் தொடங்கினார்: "உன் மைத்துனர் சேவுகன் பேரிலுள்ள வழக்கில் நீ தானாக முன்வந்து..." சொர்ணம் கையை உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் சொன்னாள். ரெங்கராஜ் தன் அழகான கண்டக்டர் கையெழுத்தில், மிஷின் பலகையின்மேல் தாளை வைத்து எழுதினான்.

*9-10-59*

*தம்பி திருப்பதிக்கு அக்கா சொர்ணம் எழுதிக்கொண்டது. நீ உன் துண்டை விட்டுவிட்டுப் போய்விட்டாய். அது என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட்டு வாசலில் அதை வைத்துக்கொண்டு நிற்பேன். வந்து வாங்கிக்கொள். மச்சானுக்கு உன்மேல் கோபம் இல்லை.*

"துண்டைத்தான் அவன் அன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டானே தங்கச்சி," என்றான் ரெங்கராஜ்.

"அவனுக்கு வெளங்கும்."

"வருவானா?"

"ஒரு தடவை துண்டுக்குன்னு திரும்பி வந்தவன்தானேண்ணே," என்றாள்.

ரெங்கராஜ் தாளை மடித்து உறைக்குள் போட்டு அவளிடம் கொடுத்தான். சிவசாமி தம் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து நாலு பருக்கை சோற்றை எடுத்து நீட்டினார். சொர்ணம் அதை உறையின் வாயில் வைத்து நசுக்கி, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினாள். மூலையில் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அதையும் அழுத்தினாள்.

பஸ் ஸ்டாண்டில் நாலரை மணிக் கந்தர்வக்கோட்டைப் பஸ் நின்றது. கண்டக்டர் அறிமுகமில்லாத இளவட்டம். வீட்டு அடையாளத்தைச் சொர்ணம் சொன்னாள்: பெருமாள் கோயிலுக்குப் பின்னால், நாலாவது வீடு, வாசலில் முருங்கை. அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சும்மா எல்லாம் எடுத்துட்டுப் போக முடியாதுங்க. முதலாளி வைவாரு. ஒரு ஆளுக்கு டிக்கெட் எடுத்துக்கங்க."

ஒருநாளும் டிக்கெட் எடுத்துப் பஸ் ஏறாதவன் என்று பெயர் வாங்கிய ரெங்கராஜ், பேரம் பேசாமல் முழு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தான். கண்டக்டர் ரோஸ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தான்.

"ஆளு இல்லாட்டி?"

"கதவுக்கு அடியில தள்ளிடுங்க தம்பி," என்றாள் சொர்ணம். "நல்லா உள்ள போற மாதிரித் தள்ளுங்க."

கண்டக்டர் கடிதத்தைத் தோல்பைக்குள், டிக்கெட் கட்டுகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டு விசில் கொடுத்தான். நாலரை மணிப் பஸ் நாலு முப்பத்தெட்டுக்குக் கிளம்பியது.